முப்பது விநாடி

சைத்தாமாவிலிருந்து கடைசிக்கு முந்தைய ரயிலில்
முகமில்லாமல் வந்து இறங்குவாள் கொஸுயே.
ஷிபுயா நிலையத்துக் கழிவறைக் கண்ணாடியில்தான்
அவளுக்கு முகம் முளைக்கும்.
வெயிலே படாத கன்னத்தில் முதலில் வெயில் நிறம்,
கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பாய் ஒரு வெள்ளை,
பிறகு இமைமயிர்,
ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடி.
பசை காயும்வரை கண் திறக்கக் கூடாது.
குழாயடியில் கண்ணை மூடிக்கொண்டு
அப்போதுதான் பாட்டுக் கேட்பாள்.

முழுப்பாட்டு இல்லை.
கைபேசி மணிக்கென்று விற்பார்கள்,
நூறு யென்னுக்கு முப்பது விநாடி.
நடுவிலிருந்து பிய்த்தெடுத்த உச்சம்.
'காத்திருப்பேன்' என்று வெடித்துத் தொடங்கி
'பனி' என்ற சொல்லின் பாதியில் அறுந்துபோகும்.
எதற்குக் காத்திருக்கிறாள், பனி என்ன செய்தது,
நாங்கள் கேட்டதில்லை.
அழுவதற்கு முப்பது விநாடி போதும்
பதினேழு வயதில்.

ஆளுக்கொரு பாட்டு வைத்திருந்தாள்.
மினோரிக்கு ஒன்று, யுகாரிக்கு ஒன்று,
அம்மாவுக்கு வாங்கும்போதே இருந்த வெறும் பீப்.
அந்தப் பாட்டு மட்டும்
கவாகுச்சியில் தாழ்த்திய வேன் ஓட்டும்
தெத்ஸுஹிரோவுக்கு.
அவன் கூப்பிடுவதேயில்லை.
அதனால் அவளாகவே அழுத்திக் கேட்டுக்கொள்வாள்,
பற்பசை வெள்ளையில் கல் பதித்த கைபேசியில்.
ஒரு கல் மட்டும் விழுந்திருந்தது,
பால்பல் விழுந்த இடம் மாதிரி.

விடியும்வரை கரோகே அறை,
நாலு பேருக்கு ரெண்டு மைக்.
எங்கள் மொழியில் 'நான்' ஒன்றில்லை, பல.
பையன்கள் சொல்லும் 'நான்' தனி.
அந்தப் பாட்டைப் பாடியவள் பெண்தான்,
ஆனாலும் பையனின் 'நான்' போட்டே பாடியிருந்தாள்.
ஏனென்று யாரும் யோசிக்கவில்லை.
நான் யோசித்தேன்.
என் முறை வரும்போதெல்லாம்
அந்த 'நான்'-ஐ வாய் நிறையச் சொல்லிக்கொண்டு
திரையைப் பார்க்க வேண்டிய நேரத்தில்
கொஸுயேவைப் பார்த்தேன்.
அவள் கன்னத்தில் கறுப்பாய் ரெண்டு கோடு
மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது,
வேறெவனுக்கோ.

ஒருநாள் இரவு மூன்று மணி இருக்கும்.
நடைபாதைக்கு வந்து
அவள் எண்ணை அழுத்தினேன்.
எனக்கென்று என்ன பாட்டு வைத்திருக்கிறாள்?
தெரிந்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.
கதவுக் கண்ணாடியில் காதை வைத்தேன்.
பாட்டு வரவில்லை.
மெலன் சோடாக் குவளைகளுக்கு நடுவே
அவள் கைபேசி உறுமிக்கொண்டு
வண்டுபோல் மேசை ஓரத்துக்கு நகர்ந்தது.
சத்தத்தை அடைத்து வைத்திருந்தாள், எல்லோருக்குமாக.
எடுத்தாள்.
'எங்கடி போய்த் தொலைஞ்ச?
உன் முறை வந்தாச்சு.'

காலை முதல் ரயிலில்
என் தோளில் தூங்கிப்போனாள்.
ஒமியாவில் அவள் இறங்கிப் போன பிறகு பார்த்தால்
என் சட்டைக் கையில்
பூரான்குட்டிபோல் ஒட்டிக் கிடந்தது ஓர் இமைமயிர்.
தட்டிவிட்டேன் என்று சொன்னால்
நீங்கள் நம்பப் போவதில்லை.

நேற்று பல்பொருள் அங்காடி,
பணம் செலுத்தும் வரிசை,
கையில் வெங்காயத்தாளும் டோஃபுவும்.
கூரையில் எங்கோ ஒரு பியானோ.
யார் பாட்டோ என்றிருந்தேன்,
குரல் வந்ததும் முதுகு நிமிர்ந்தது.
அதே குரல்.
அந்தப் பாட்டின் தொடக்கம்,
இருபது வருடம் கழித்து முதன்முறையாக.

தொடக்கத்தில் காதலே இல்லை.
ஒரு பேருந்து வருகிறது.
ஓட்டுநர் கதவைத் திறந்து கொஞ்சம் காத்திருந்துவிட்டு
மூடிக்கொண்டு போகிறார்.
நிறுத்தத்தில் நிற்பவள்
குடையை மடிப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறாள்.
அவ்வளவுதான்.
எனக்கு முன்னால் ஒருவர்
சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணி வைத்துக்கொண்டிருந்தார்.
மெதுவாக எண்ணுங்கள் ஐயா என்று மனசுக்குள் வேண்டினேன்.
மேளம் ஏறியது,
என் உதடு அந்த 'நான்'-க்காகக் குவிந்தது,

'வாடிக்கையாளர் கவனத்துக்கு,
மீன் பிரிவில் இப்போதிலிருந்து
அரை விலை.'

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.